கூடுதலாகப் போன காசைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தால் போக வேண்டிய கடை

யாழ்ப்பாணம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் படிவம் நிரப்பவும் மொழிபெயர்க்கவும் கடைகளுக்குக் குறைவில்லை. பிறப்புச் சான்றிதழ், விசா, காணி உறுதி எல்லாம் எங்கே கொடுத்தாலும் செய்து தருவார்கள். ஆனால் வெளிநாட்டு அரசாங்கம் ஒரு மாற்றுத்திறனாளிக்குக் கொடுத்த காசைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தாருங்கள் என்று எழுதினால், அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி முறையாகக் கேட்கத் தெரிந்த கடை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அந்த ஐயாவே கேட்டுக்கொண்டார், ஏற்கனவே கூட்டம் தாங்க முடியவில்லையாம். கச்சேரி வாசலில் நிற்கிற ஓட்டோக்காரரிடம் பழைய கோட்டு (நீதிமன்ற) ஐயாவின் மொழிபெயர்ப்புக் கடை என்று கேட்டால் கொண்டுபோய் விடுவார்கள்.

விஷயம் என்னுடைய மாமியுடையது, அப்பாவின் தங்கச்சி. அமெரிக்காவில் இருக்கிறார், அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர், பாரிசவாதம் வந்து இடப்பக்கம் சரியாக இயங்காது. எஸ்.எஸ்.ஐ. என்கிற கொடுப்பனவில்தான் சீவியம். வசதி குறைந்த வயோதிபருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த அரசு மாதாமாதம் கொடுக்கிற காசு அது, 2025இல் தனியாள் ஒருவருக்கு மத்திய அரசின் உச்சத் தொகை 967 டொலர். ஆச்சி தவறிப் போனபோது மாமி எப்படியோ வந்து சேர்ந்தார். எட்டுச் செலவு முடிந்து, 31ஆம் நாள் அந்தியேட்டியும் முடித்துக்கொண்டு புறப்படுவதாக இருந்தவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை, அப்புறம் வீட்டில் நீண்ட நாள் படுக்கை. அவ்வளவு காலமும் அங்கே வங்கிக்குக் காசு வந்துகொண்டே இருந்தது, அது அங்கே அவருடைய அறை வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் தானாகவே போய்க்கொண்டும் இருந்தது.

எஸ்.எஸ்.ஐ. எடுக்கிறவர் தொடர்ந்து 30 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் கொடுப்பனவு நின்றுவிட வேண்டும் என்பது விதி. திரும்பிப் போனாலும் உடனே தொடங்காது, அங்கே தொடர்ந்து 30 நாள் இருந்து காட்ட வேண்டும். சில மாணவர்களுக்கும் வெளிநாட்டில் பணிபுரிகிற படையினரின் பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. செத்த வீட்டுக்கு விலக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை. 31ஆம் நாள் அந்தியேட்டி செய்கிற எங்கள் சனத்துக்கு இந்த 30 நாள் என்பது எவ்வளவு கொடுமையான கணக்கு என்று பாருங்கள். தாய்க்கு ஒரு பிள்ளை முழுதாகக் கடமை செய்துவிட்டுப் போனாலே அங்கே கையில் காசு இல்லாமல்தான் போய் இறங்க வேண்டும். இதை வெளிநாட்டுச் சொந்தங்கள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்காரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் விமானச்சீட்டு எடுக்கும்போது இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

அந்த 30 நாளுக்குப் பிறகு வந்த காசைத் திருப்பிக் கேட்ட கடிதம், அமெரிக்காவிலேயே இருக்கிற மச்சானின் கைக்குப் போய், அவர் வட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பியபோது வீட்டில் பெரிய குழப்பம். ஊரில் சிலர் சொன்ன கதை இன்னும் மனதில் நிற்கிறது: "அமெரிக்கா சும்மா குடுத்த காசுதானே, திருப்பிக் குடுத்தா என்ன?" இப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். எஸ்.எஸ்.ஐ. எடுக்கிற தனியாள் கையிலும் வங்கியிலுமாக 2,000 டொலருக்கு மேல் வைத்திருக்கவே கூடாது, 1989இலிருந்து அந்த எல்லை உயரவும் இல்லை. சேமிக்கக் கூடாது என்று விதி போட்டவரிடமே, செலவழிந்து போன காசை 30 நாளுக்குள் மொத்தமாகக் கட்டு என்று கடிதம் வந்தால் அவர் எங்கே போவார்? அதனால்தான் அந்தச் சட்டத்திலேயே தள்ளுபடிக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அது யாரும் இரங்கித் தருகிற சலுகை இல்லை, கேட்பதற்கு உரிமை உள்ள ஒன்று. எங்கள் ஆட்களில் பலர் அதைத் தெரியாமல் வட்டிக்கு வாங்கியும் நகை அடகு வைத்தும் கட்டி முடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் ஒரு தரகரிடம் அண்ணா விசாரித்தார். அவர் சொன்னது, மாமி முன்னமே வருத்தத்தில் விழுந்ததாகத் திகதி மாற்றி ஒரு வைத்தியக் கடிதம் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு காசு என்று. தயவுசெய்து இந்த மாதிரி ஆட்களின் பக்கம் போகாதீர்கள். பாஸ்போட்டில் முத்திரை இருக்கிறது, ஆஸ்பத்திரிப் பதிவு இருக்கிறது, பொய் என்று பிடிபட்டால் தள்ளுபடி போவது மட்டுமில்லை, மாமிக்கு இனி அந்தக் கொடுப்பனவே கேள்விக்குறியாகிவிடும்.

கோட்டு ஐயாவிடம் போனது அதற்குப் பிறகு. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், கூட ஒரு தங்கச்சி ரைப் பண்ணுகிறா. அவர் முதலில் பார்த்தது கடிதத்தின் முகப்பை இல்லை, பின்பக்கங்களை. மச்சான் முன்பக்கத்தை மட்டும்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எல்லாப் பக்கமும் வரும் வரைக்கும் பேனையைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். எல்லாம் வந்ததும் சிவப்புப் பேனையால் கடிதத்தின் திகதியைச் சுற்றி வட்டம் போட்டு, அங்கேயிருந்து எண்ணத் தொடங்கினார். கடிதம் கிடைப்பதற்கு 5 நாள் என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள், கிடைத்ததிலிருந்து 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், 30 நாளுக்குள் மேன்முறையீட்டையோ தள்ளுபடியையோ கேட்டுவிட்டால் முடிவு வரும்வரை அறவிடத் தொடங்க மாட்டார்கள். தள்ளுபடி கேட்பதற்கு மட்டும் காலக்கெடு இல்லை. கட்டத் தொடங்கிய பிறகும் கேட்கலாம்.

மேன்முறையீடும் தள்ளுபடியும் ஒன்றில்லை என்று அவர் விளங்கப்படுத்திய விதம் எனக்கு நன்றாகப் பிடித்தது. "பிள்ளை, நீங்கள் அவையின்ர கணக்குப் பிழை எண்டு சொல்லப் போறியளோ, இல்லாட்டிக் கணக்குச் சரி, ஆனா கட்ட ஏலாது, எங்களில பிழையும் இல்லை எண்டு சொல்லப் போறியளோ? முதல் அதைச் சொல்லுங்கோ." கணக்குப் பிழை என்றால், இந்தக் கொடுப்பனவைத் தருகிற அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் எஸ்.எஸ்.ஏ. 561 என்கிற படிவம். கணக்குச் சரி, தள்ளுபடிதான் வேண்டும் என்றால் எஸ்.எஸ்.ஏ. 632. இரண்டையும் சேர்த்தும் கேட்கலாம். தள்ளுபடியும் வேண்டாம், சிறு தொகையாகக் கட்டுகிறேன் என்றால் 634. கேட்கிற தொகை 2,000 டொலர் அல்லது அதற்குக் குறைவு என்றால் பல வேளைகளில் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம், மாமியுடையது அதற்கு மேலே. வெளியே இருந்த நாட்களை மாமியின் பாஸ்போட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, 561ஐப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். அதற்கும் காசு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

632 இல் இரண்டு விஷயத்தை நிரூபிக்க வேண்டும். ஒன்று, கூடுதலாகக் காசு வந்ததில் கொடுப்பனவு எடுத்தவர் பக்கம் பிழை இல்லை. மற்றது, அதைத் திருப்பிக் கட்டினால் சாப்பாடு, வாடகை, மருந்து போன்ற அடிப்படைச் செலவுக்கே வழி இருக்காது (அல்லது கட்டச் சொல்வது அநியாயம்). இரண்டும் வேண்டும். கஷ்டத்தை மட்டும் எழுதி, பிழை யாருடையது என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால் கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். இந்த இடத்தில்தான் அந்தக் கடை மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது. எங்கள் ஊரில் மனு என்றால் ஒரு பழக்கம் உண்டு, மதிப்புக்குரிய ஐயா அவர்களே என்று தொடங்கி, கண்ணீரோடு இரந்து கேட்கிறேன், கருணை காட்டுங்கள் என்று முடிப்பது. அண்ணா அப்படி ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார், அன்போடு எழுதினதுதான். ஐயா அதை முழுதாக வாசித்துவிட்டு, இதில் திகதி எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, மாமிக்கு அந்த விதி தெரியுமா தெரியாதா என்பது எங்கே என்று கேட்டார். அப்புறம் மாமியிடமே கேட்க வேண்டும் என்று எழும்பி வெளியே வந்து, ஓட்டோவுக்குள் இருந்த மாமிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்த 30 நாள் விதியை யாராவது உங்களுக்குச் சொன்னதா, எந்த மொழியில் சொன்னது, கடிதம் வந்தால் யார் வாசித்துக் காட்டுவது, விழுந்த நாள் எது, ஆஸ்பத்திரியில் போன் கையில் இருந்ததா, வந்த காசு எதற்குப் போனது.

மாமிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மச்சான் வேறு மாநிலத்தில், கடிதங்களை எப்போதாவது போகும்போதுதான் பார்ப்பார். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் ஐயா முக்கியமாகப் பிடித்துக்கொண்டது அதைத்தான். பிழை இருக்கிறதா என்று முடிவெடுக்கும்போது ஆளின் வயது, உடல் நிலை, மனநிலை, படிப்பு, மொழி எல்லாவற்றையும், ஆங்கிலம் சரியாகத் தெரியாததையும் கூட, கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குவிதியிலேயே எழுதியிருக்கிறது. அச்செடுத்து வைத்திருந்த அந்தப் பக்கத்தை எங்களுக்குக் காட்டினார்.

கடைசியில் அவர் எழுதிய கடிதம் ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு இலக்கம், அந்த இலக்கத்துக்கு ஒரு ஆவணம். ஆச்சியின் மரணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும், ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, மாமி எங்கள் வீட்டில்தான் படுக்கையில் இருந்தார் என்று விதானையார் (கிராம அலுவலர்) கொடுத்த கடிதம், மாற்றிப் போட்ட விமானச்சீட்டு. டயக்னோசிஸ் கார்ட் ஏற்கனவே ஆங்கிலத்தில் இருந்ததால் அதற்கு மொழிபெயர்ப்புக் காசு எடுக்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், ஆங்கிலத்தில் இருக்கிற பத்திரத்தையே திரும்ப ரைப் பண்ணிக் காசு எடுக்கிற இடங்களும் இருக்கின்றன.

வருமானம், செலவு, சொத்துப் பகுதியில்தான் அதிக நேரம் போனது. எஸ்.எஸ்.ஐ. அப்போது நின்றுபோயிருந்ததால் அந்தப் பக்கங்களை விபரமாக நிரப்ப வேண்டி வந்தது. இங்கத்தைய பாமசிகளில் பாதி, கையால் கிறுக்கின துண்டுதான் தருவார்கள், அதையெல்லாம் திகதி வாரியாக ஒட்டி, ரூபாயை ஒரு நிரலிலும் டொலரை ஒரு நிரலிலும் போட்டு, எந்த நாள் மாற்று விலை என்றும் எழுதினார். அங்கே வெறுமனே பூட்டிக் கிடக்கிற அறைக்குப் போகிற வாடகை, இங்கே மாமியைப் பார்க்க வருகிற அக்காவின் சம்பளம், பிசியோதெரபி, ஓட்டோ. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை: ஆச்சியின் காணியில் மாமிக்குப் பங்கு வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், மறைத்தால் அதுவே பெரிய பிழையாகிவிடும் என்றார். நல்ல காலம், ஆச்சி வீடு வளவை எப்போதோ சின்ன மாமிக்குச் சீதனமாக எழுதிவிட்டார். அந்த உறுதியின் பிரதியையும் சேர்த்தோம். இப்படி ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் தான் எழுதுவது என்னவென்று தெரிந்துதான் எழுதுகிறார்.

தான் சட்டத்தரணி இல்லை என்பதை அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். அங்கே வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக உதவுகிற சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன, அனுப்ப முதல் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கோ என்று மச்சானிடம் போனிலேயே கதைத்தார். எஸ்.எஸ்.ஐ. தொடர்ந்து 12 மாதம் நின்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வரும், அதற்கு முதல் மாமி திரும்பிப் போகப் பாருங்கள் என்று எச்சரித்ததும் அவர்தான்.

சரி, குறைகள். இவை சின்னக் குறைகள் இல்லை, ஐயா இதை வாசிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். முதலாவது, கடை வாசலில் இரண்டு உயரமான படி, சாய்தளம் கிடையாது. மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவு வேலை செய்கிற ஒரு கடைக்குள் மாற்றுத்திறனாளி ஒருவர் போக முடியாது என்பது பெரிய குறை. ஐயா வெளியே வந்து கதைத்தது அவருடைய நல்ல மனம், ஆனால் மாமி வெயிலில் ஓட்டோவுக்குள் வியர்த்து ஊற்றிக்கொண்டு தன்னுடைய வங்கிக் கணக்கையும் வருத்தத்தையும் றோட்டில் போகிறவர் கேட்கச் சொல்ல வேண்டி இருந்தது. ஒரு சிமெந்துச் சாய்தளம் கட்ட ஒரு மேசனுக்கு அதிக வேலை இல்லை.

இரண்டாவது, உள்ளேயும் மறைவு கிடையாது. ஒரே அறை, ஒரே மேசை, காத்திருக்கிறவர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ரைப் பண்ணுகிற தங்கச்சி மாதிரிக்கு என்று வேறொருவரின் கடிதத்தைத் திரையில் திறந்து காட்டினா, பெயரும் விலாசமும் அப்படியே தெரிந்தது. உடனே சொன்னேன், மன்னிப்புக் கேட்டு மூடினா. வேலை முடிந்ததும் எங்கள் பைலைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி முன்னால் நின்று பார்த்தேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

முன்பதிவு இல்லை, ரோக்கனும் இல்லை. மத்தியானம் பூட்டினால் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது. விலை சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, மொழிபெயர்ப்பு பக்கக் கணக்கு, கடிதமும் படிவமும் சேர்த்து ஒரு தொகை, அதற்கு மேல் ஒரு சதம் கேட்கவில்லை. தள்ளுபடி கிடைத்தால் இவ்வளவு வீதம் தர வேண்டும் என்று கேட்கிற கதையே இல்லை. அப்படிக் கேட்கிற ஆட்களை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள்.

படிவத்தையும் ஆவணக் கட்டையும் மச்சான் அங்கே மாமியின் பகுதி அலுவலகத்தில் கையளித்து, பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை போட்ட பிரதி வாங்கிக்கொண்டார். அறவிடுவதை நிறுத்தி வைத்திருப்பதாகப் பதில் வந்தது. மாமி கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் திரும்பிப் போய், அந்த 30 நாளும் கடந்து, கொடுப்பனவு மறுபடி தொடங்கிவிட்டது. காகிதத்தைப் பார்த்துத் தள்ளுபடியை ஏற்க முடியாது என்று அவர்களுக்குத் தோன்றினால், மறுக்க முதல் ஆளோடு கதைக்க ஒரு சந்திப்புத் தர வேண்டும். மாமிக்கும் அப்படி ஒன்று தொலைபேசியில் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஏற்பாடு செய்தார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான். கடிதத்தில் இருந்த அதே விஷயங்களை அதே ஒழுங்கில் மாமி தன் வாயாலேயே தமிழில் சொன்னார். முடிவு இன்னும் வரவில்லை. மறுத்தாலும் 60 நாளுக்குள் மேன்முறையீடு இருக்கிறது, அதற்கான குறிப்பையும் ஐயா முன்கூட்டியே எழுதித் தந்திருக்கிறார். கடைசியில் கட்டத்தான் வேண்டும் என்று வந்தாலும் எஸ்.எஸ்.ஐ.யில் பொதுவாக மாத வருமானத்தின் 10 வீதத்துக்கு மேல் கழிப்பதில்லை, அதையும் குறைக்கச் சொல்லி 634இல் கேட்கலாம்.

லண்டன், கனடாக் காரரும் இதே கடைக்கு வருகிறார்கள். விதிகள் வேறு, அமெரிக்கக் கணக்கை அங்கே போடாதீர்கள். பிரித்தானியாவில் பி.ஐ.பி. என்கிற மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு எடுக்கிறவர் தற்காலிகமாக 13 வாரம் வரை வெளியே இருக்கலாம், வைத்தியத்துக்காக என்றால் 26 வாரம். முடிவை மறுபடி பார்க்கச் சொல்ல ஒரு மாதம்தான் தருவார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஓ.டி.எஸ்.பி. என்கிற மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு எடுக்கிறவர் முன்கூட்டியே அனுமதி இல்லாமல் 30 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருந்தால் சிக்கல். பயணத்துக்கு முதல் கேட்டு அனுமதி எடுத்துக்கொண்டு வந்தால், இந்தக் கடைக்குப் போக வேண்டிய தேவையே வராது.

போகிறவர்கள் கடிதத்தை உறையோடு, எல்லாப் பக்கத்தையும் இரண்டு பக்கமும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், பாஸ்போட்டில் முத்திரை உள்ள பக்கங்களையும் சேர்த்து. காலையில் வெள்ளென போவது நல்லது. நல்லூர்த் தேர், தீர்த்தம் இரண்டு நாளும் கடை பூட்டு. உங்கள் 30 நாள் அதற்குள் முடிகிறதென்றால் முதல் கிழமையே போய்விடுங்கள்.